மீளும் பருமனும் நம் கடமையும்

நோய் ஒன்றே மாந்தரை வருத்துவதன்று; அந்நோயைப்பற்றி ஊரார் கொள்ளும் எண்ணமும் வருத்துவதுண்டு. சிலபோது முன்னதைக் காட்டிலும் பின்னதே மிகுதியாய் வருத்தும். தொழுநோய் கொண்டவர் தம் பழவினையின் பயனை நுகர்கின்றார் என்று நம்மவர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1873-ஆம் ஆண்டில் நார்வே தேசத்து மருத்துவர் ஹான்ஸன் அந்நோய்க்குக் காரணமான நுண்கிருமியைக் கண்டறிந்தார். 1882-இல் ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக் க்ஷயரோகத்தின் கிருமியைக் கண்டறிந்தார். காரணம் இன்னதென்று விளங்கிய பின்னும் பழி உடனே ஒழிந்துவிடவில்லை. பழிக்கு அஞ்சியவர் நோயை மறைத்தனர். மறைத்த நோய் முற்றியது. முற்றிய நோயைக் கண்டு ஊரார் மேலும் பழித்தனர். இவ்வாறு பழியும் நோயும் ஒன்றையொன்று வளர்த்த வரலாற்றை மருத்துவ சாலைகளில் தொண்டு புரிந்தோர் யாவரும் அறிவர்.

இக்காலத்தில் அவ்வாறு பழிக்கு இலக்காகி நிற்பனவற்றுள் உடற்பருமன் தலையாயது. அதனுள்ளும், எடையைக் குறைத்தற்பொருட்டு இரைப்பையில் சத்திர சிகிச்சை செய்துகொண்டு, எடை நன்கு குறையப்பெற்று, சில ஆண்டுகள் கழிந்தபின் மீண்டும் எடை ஏறப்பெற்றவர் நிலை மிகவும் இரங்கத்தக்கது. பருமனாயிருந்தபோது அவரை ஒருமுறை பழித்த உலகம் இப்பொழுது இருமுறை பழிக்கின்றது. "இத்தனை பொருளைச் செலவிட்டும், வயிற்றையே அறுத்துக்கொண்டும், நாவை அடக்க மாட்டாதவன்" என்பது ஊரார் கூற்று. இக்கூற்று உண்மைக்கு மாறானது என்பதும், நோயாளிக்கு நேரான தீங்கு விளைப்பது என்பதும், மீண்ட எடைக்கு வெட்கமின்றி விரைவில் மருத்துவம் தேடுதலே தக்கது என்பதும் என் கருத்து. அதற்குரிய காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

முதற்கண் இச்சிகிச்சை இன்னதென்பதை அறிதல் வேண்டும். 1966-ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்க நாடுகளில் உள்ள அயோவா சர்வகலாசாலையில் எட்வர்டு மேஸன், சிகாஷி இட்டோ என்னும் இரு மருத்துவர்கள், இரைப்பையின் மேற்பகுதியைத் தனியே பிரித்துச் சிறுகுடலோடு இணைக்கும் முறையை முதன்முதல் பருமனுக்கு மருந்தாகக் கையாண்டனர். புண்ணுற்ற இரைப்பையில் ஒரு பகுதியை நீக்கப்பெற்றவர் எடை குறைந்து மெலிந்தே இருத்தலைக் கண்டது இம்முறைக்கு வித்தாயிற்று. பிற்காலத்தில் திருத்தம் பெற்று இன்று நடைபெறும் இம் மாற்றுவழிச் சிகிச்சையில், பிரிக்கப்பட்ட சிறுபை ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் அளவே கொள்ளும். அஃதாவது இரண்டு மேசைக்கரண்டி நீரின் அளவு. உண்ட உணவு இரைப்பையின் எஞ்சிய பகுதியையும் சிறுகுடலின் தொடக்கத்தையும் தீண்டாமல் கீழே சென்றுவிடும். மற்றொரு முறையில், இரைப்பையில் ஏறத்தாழ முக்காற்பங்கு வெட்டி அகற்றப்பட்டு, எஞ்சியது சட்டையின் கை போன்ற நீண்ட குழாயாக விடப்படும். இன்று உலகில் மிகுதியாகச் செய்யப்படுவது இவ்விரண்டாம் முறையே.

இவ்விரண்டும் உணவு செல்லும் வாயிலைச் சிறிதாக்கிப் பூட்டிவிடுகின்றன என்று பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையின் ஒரு பகுதியே. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் ஹார்மோன் இரைப்பையிற் சுரக்கின்றது என்பதை 1999-இல் கோஜிமா, கங்காவா முதலிய ஜப்பானிய அறிஞர் வெளியிட்டனர். அது சுரக்கும் இடம் வெட்டி நீக்கப்படவே, சுரப்பும் குறைகின்றது. உணவு சிறுகுடலின் கீழ்ப்பகுதியை விரைந்து அடைதலால், "போதும்" என்னும் நிறைவுணர்ச்சியைத் தரும் வேறு ஹார்மோன்கள் மிகுதியாகச் சுரக்கின்றன. ஆகவே இச்சிகிச்சை, வயிற்றுக்கும் மூளைக்கும் இடையே செல்லும் தூதுகளையே ஓரளவு மாற்றுவது என்க. இதனை மனத்திற் கொண்டாலன்றி எடை மீளுதலின் காரணமும் விளங்காது.

இனி, இச்சிகிச்சையால் விளையும் பயனையும் அதன் எல்லையையும் காண்போம். ஸ்வீடன் தேசத்தில் 1987-இல் தொடங்கிய ஓர் ஆராய்ச்சி, சத்திர சிகிச்சை பெற்ற 2,010 பேரையும், அவரை ஒத்த பருமனுடையராய் அதனைப் பெறாத 2,037 பேரையும் பல்லாண்டு தொடர்ந்து நோக்கியது. சராசரியாக 11 ஆண்டளவு சென்றபின் 2007-இல் வெளியான கணக்கின்படி, சிகிச்சை பெறாதாருள் 129 பேரும் பெற்றாருள் 101 பேரும் இறந்திருந்தனர். வயது முதலிய வேற்றுமைகளையும் கணக்கிற் கொண்டு நோக்கியபோது, இறப்பின் ஆபத்து சிகிச்சை பெற்றார்க்கு 29 விழுக்காடு குறைந்திருந்தது. உயிரைக் காக்கும் மருத்துவம் இது என்பதில் ஐயமில்லை.

அதே ஆராய்ச்சி எடை மீளுதலையும் ஒளியாமற் காட்டிற்று. மாற்றுவழிச் சிகிச்சை பெற்றவர் முதல் இரண்டாண்டுகளுக்குள் தம் எடையில் 32 விழுக்காடு இழந்தனர். பத்தாம் ஆண்டில் அவ்விழப்பு 25 விழுக்காடாகச் சுருங்கிற்று. இரைப்பையைப் பட்டையிட்டு இறுக்கும் முறையில் 20 விழுக்காடு என்பது 14 ஆயிற்று. அமெரிக்காவில் யூட்டா மாகாணத்தில் நடந்து 2017-இல் வெளியான ஆராய்ச்சியிலும், மாற்றுவழிச் சிகிச்சை பெற்றவர் இரண்டாம் ஆண்டில் சராசரி 45 கிலோ குறைந்திருந்தனர். ஆறாம் ஆண்டில் அது 36 கிலோ ஆயிற்று. பன்னிரண்டாம் ஆண்டிலும் 35 கிலோ இழப்பு நிலைத்து நின்றது.

இவ்வெண்களை உற்று நோக்குவார்க்கு இரண்டு உண்மைகள் புலனாகும். எடை சிறிது மீளுதல் எங்கும் காணப்படும் இயல்பே என்பது ஒன்று. மீண்டபின்னும் எஞ்சும் நன்மை பெரிது என்பது மற்றொன்று. 45 கிலோ இழந்த ஒருவர் 10 கிலோ மீளப்பெற்றால், ஊரார் அந்தப் பத்தையே எண்ணுகின்றனர். எஞ்சிய முப்பத்தைந்தை எண்ணுவாரில்லை. ஆயினும் சராசரி என்பது பலரை ஒருங்கு கூட்டிச் சொல்லும் கணக்கு. அதனுள் மறைந்து நிற்கும் சிலர் தாம் இழந்ததிற் பெரும்பகுதியை மீளப் பெறுகின்றனர். நீங்கிய நீரிழிவும் இரத்த அழுத்தமும் அவரிடம் திரும்பி வருகின்றன. பழியின் முழுப் பாரமும் அத்தகையார் தலைமேலேதான் விழுகின்றது.

அவர்க்கு எடை ஏன் மீள்கின்றது? நாவடக்கம் இன்மையால் என்று விடையிறுப்பவர்க்கு ஒரு வரலாற்றை நினைவூட்ட விரும்புகின்றேன். இரண்டாம் உலக யுத்தத்தின் இறுதியில், 1944 நவம்பர் முதல், மின்னஸோட்டா சர்வகலாசாலையில் ஆன்ஸெல் கீஸ் என்னும் அறிஞர் 36 இளைஞரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார். அவ்விளைஞர், கொலைத்தொழிலுக்கு மனச்சான்று இடங்கொடாமையால் படையிற் சேர மறுத்தவர்; யுத்தத்தாற் பட்டினி கிடக்கும் மக்களுக்கு மீண்டும் உணவூட்டும் நெறியை உலகம் அறிதற்பொருட்டுத் தாமே முன்வந்து பசியை ஏற்றவர். இவரினும் மனவலி படைத்தவரை எங்கே தேடுவது? ஆறு மாத அரைப்பட்டினியில் அவர் தம் எடையில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கை இழந்தனர். அப்பொழுது அவர் நினைவெல்லாம் உணவாயிற்று. சமையற் புத்தகங்களைப் படித்துக்கொண்டிருந்தவரும் உளர். சிலரால் நியமத்தைக் காக்க இயலவில்லை. கட்டுப்பாடு நீங்கியதும், வயிறு நிறைந்தும் பசி தீராதவராய் மிகுதியாக உண்டனர். அவருடைய உடற்கொழுப்பு முன்னிருந்த அளவையும் கடந்து ஏறியது. மனவலி குறைந்தமையால் நேர்ந்ததன்று இது. இழந்ததை மீட்டுக்கொள்ள முயலுதல் உடம்பின் இயற்கை.

உடம்பு இதனை எவ்வாறு செய்கின்றது என்பதும் இப்பொழுது ஒருவாறு விளங்கியுள்ளது. 1994-இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் என்னும் அறிஞரும் அவர் குழுவினரும், உடற்கொழுப்பிலிருந்து சுரக்கும் லெப்டின் என்னும் ஹார்மோனைக் கண்டறிந்தனர். கொழுப்பு குறையுங்கால் லெப்டினும் குறைகின்றது. அதனைப் பஞ்சம் வந்ததன் அறிகுறியாக மூளை கொள்கின்றது. பசியைப் பெருக்கிச் செலவைச் சுருக்குகின்றது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் நடந்த உடல் மெலியும் போட்டியொன்றிற் கலந்துகொண்ட 14 பேரை ஆறாண்டு கழித்து ஆராய்ந்த முடிவு 2016-இல் வெளியாயிற்று. அவர் போட்டியின்போது சராசரி 58 கிலோ இழந்து, பின்னர் 41 கிலோ மீளப்பெற்றிருந்தனர். அவர் உடம்பு ஓய்ந்திருக்கும்போது செலவிடும் சக்தி, அவர் உருவத்திற்கு எதிர்பார்க்கத்தக்க அளவினும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைந்திருந்தது. வரவு மாறாதிருக்கச் செலவு இவ்வளவு குறைந்தால், கொழுப்பாகிய கையிருப்பு ஏறாது என் செய்யும்? இவர்கள் உணவைக் குறைத்தும் உழைத்தும் மெலிந்தவர்கள். கத்தியை நாடியவர் அல்லர். சத்திர சிகிச்சை இவ்வெதிர்ப்பைத் தளர்த்துகின்றது. ஆயினும் முற்றும் ஒழித்துவிடுவதில்லை. தளர்ந்தது காலப்போக்கில் ஓரளவு வலுப்பெறுதலும் கூடும்.

இதனோடு வேறு காரணங்களும் சேர்வதுண்டு. சிறுபையின் கீழ்வாயில் சிலர்க்கு நாளடைவில் விரிந்து, உணவு தங்காமல் விரைந்து இறங்கும். குழாயாக விடப்பட்ட இரைப்பையும் விரிதல் கூடும். இன்சுலின், ஸ்டீராய்டு, மனநோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகள், வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகள் ஆகியவை எடையை ஏற்றும் இயல்புடையன. உறக்கக் குறைவும், மனத்துயரும், குடிப்பழக்கமும் தத்தம் பங்கைச் செய்கின்றன. மாற்றுவழிச் சிகிச்சைக்குப்பின் மது இரத்தத்தில் விரைந்து ஏறுகின்றது என்பதையும், குடிக்கு அடிமைப்படுவோர் சிலராவது அதன்பின் மிகுகின்றனர் என்பதையும் ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். உண்ணும் வழக்கமும் ஒரு காரணமே. அதனை யான் மறைக்கவில்லை. ஒருவேளைச் சோற்றை நிறைய உண்ண இயலாத சிறுவயிற்றினுள்ளும், நாள் முழுதும் சிறிது சிறிதாக முறுக்கும் மிக்சரும் சென்றுவிடும். சர்க்கரை மிகுந்த காப்பியும் பாயசமும் பழச்சாறும் தங்குதடையின்றி வழுகி இறங்கிவிடும். எனினும், பல காரணங்களுள் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து அதற்குக் குணக்கேடு என்று பெயரிடுதல் எவ்வாற்றானும் நீதியாகாது.

இந்த அநீதி நோயாளியின் மனத்தை மட்டும் புண்படுத்தி ஒழியுமாயின், அவர் அதனைப் பொறுத்துக்கொள்வார் என்று விட்டுவிடலாம். உடலையும் அது கெடுப்பதே பெருங்கேடு. எடை ஐந்து கிலோ ஏறியவுடன் மருத்துவரிடம் செல்ல வேண்டியவர், "அவர் முகத்தில் எவ்வாறு விழிப்பேன்?" என்று நாணி, குறைத்துக்கொண்டபின் செல்வோம் என்று நாட்கடத்துகின்றார். ஐந்து பத்தாகின்றது, பத்து இருபதாகின்றது, நாணமும் அதற்கேற்ப வளர்கின்றது. எளிதில் திருத்தத்தக்க காலம் கழிந்துவிடுகின்றது. அதனினும் கொடியது ஒன்று உண்டு. இச்சிகிச்சை பெற்றவர் வைட்டமின் B12, இரும்பு, கால்சியம், வைட்டமின் D முதலியவற்றைத் தம் வாழ்நாள் முழுதும் மருந்தாக உட்கொள்ளல் வேண்டும். குறித்த காலத்தில் இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளல் வேண்டும். எடைக்கு நாணி மருத்துவ சாலையை மறந்தவர் இவற்றையும் மறந்துவிடுகின்றார். பார்வைக்குப் பருத்திருக்கும் ஒருவர் சத்துக்குறைவால் சோகையுற்று, நரம்பு தளர்ந்து, எலும்பு நலிந்திருத்தல் கூடும் என்பதை ஊரார் அறியார், அவரும் அறியார். பழிக்கு அஞ்சி மறைந்த தொழுநோயாளரின் கதையே இங்கு வேறு உருவில் நிகழ்கின்றது.

இவ்விடர்க்கு மூலம், சிகிச்சை நடந்த நாளிலேயே நாம் கொள்ளும் ஒரு பிழைபட்ட எண்ணம். அறுத்தாயிற்று, நோய் அகன்றது, கணக்கு முடிந்தது என்று எண்ணுகின்றோம். குடல்வால் வீக்கத்துக்கு இவ்வெண்ணம் பொருந்தும், பருமனுக்குப் பொருந்தாது. பருமன் ஒரு நோய் என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 2013-இல் தீர்மானித்தது. அது நீரிழிவைப்போல நெடுநாள் உடனிருக்கும் நோய். நம் நாட்டு ஏரிகளை இங்கு நினைத்துப் பாருங்கள். ஏரியை ஒருமுறை வெட்டிக் கரையிட்டவுடன் ஊரார் கடமை தீர்ந்ததென்று முன்னோர் எண்ணவில்லை. ஆண்டுதோறும் வண்டல் படியும், கரை கரையும், மதகு பழுதுபடும் என்பதை அறிந்தே குடிமராமத்து என்னும் ஏற்பாட்டைச் செய்தனர். ஓராண்டு வண்டல் படிந்ததற்காக ஏரியைத் திட்டினாருமில்லை; ஏரி வெட்டியது வீண் என்றாருமில்லை; மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஒருங்கு கூடினர். சத்திர சிகிச்சை என்பது ஏரி வெட்டுதல். அதன்பின் வாழ்நாள் முழுதும் வேண்டுவது குடிமராமத்து.

அம்மராமத்தில் நோயாளியின் பங்கு யாது? வாரத்துக்கு ஒருமுறை எடையை நோக்கிக் குறித்துக்கொள்ளுதலும், அது தொடர்ந்து ஏறக் கண்டவுடன் காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் செல்லுதலும் முதலாவது. உணவில் புரதத்தை முன்னிறுத்துதல் இரண்டாவது. நாளொன்றுக்கு 60 கிராமேனும் புரதம் வேண்டும் என்பர். ஒரு முட்டையில் இருப்பதோ ஏறத்தாழ 6 கிராம். ஆகவே முட்டை, மீன், பருப்பு, சுண்டல், தயிர் என்பவற்றை முன்னரே எண்ணி ஏற்பாடு செய்தாலன்றிச் சிறுவயிற்றில் அவ்வளவு சேராது. முதலில் பருப்பும் காயும் உண்டு, பின்னரே சோற்றிற் கைவைத்தல் நன்று. மெல்ல மென்று உண்ணுதல், உண்ணும்போது நீர் பருகாமை, நாளும் நடத்தல், தசைக்கு வலிமை தரும் பயிற்சி செய்தல், போதிய அளவு உறங்குதல் ஆகியவை மற்றவை. இவை எளியனபோலத் தோன்றினும், பசி பெருகி நிற்கும் உடம்பை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்காக இவற்றைக் காத்தல் எளிதன்று என்பதை அறிவுரை கூறுவோர் மறவாதிருத்தல் வேண்டும்.

மருத்துவர் செய்யத்தக்கனவும் பல. பிற மருந்துகளை ஆராய்ந்து, எடையை ஏற்றுவன இருப்பின் மாற்றலாம். வாய்வழியே கருவியைச் செலுத்தி உட்புறத்தை நோக்கி, விரிந்த வாயிலைத் தைத்துச் சுருக்கலாம். நிறைவுணர்ச்சியைத் தரும் ஹார்மோனை ஒத்த லிராகுளுடைடு, செமாகுளுடைடு போன்ற ஊசிமருந்துகளும் இப்பொழுது உள்ளன. சத்திர சிகிச்சையின் பின் போதிய எடை குறையாத 70 பேரிடம் இங்கிலாந்தில் நடந்து 2023-இல் வெளியான சோதனையில், லிராகுளுடைடு பெற்றவர் ஆறு மாதத்திற்குள் தம் எடையில் ஏறத்தாழ 9 விழுக்காடு குறைந்தனர். வெற்றூசி பெற்றவர் எடையில் மாறுதல் இல்லையென்றே சொல்லலாம். ஆயின் இம்மருந்துகளும் மாயமல்ல. செமாகுளுடைடை நிறுத்தியவர் ஓராண்டுக்குள் தாம் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கை மீளப்பெற்றனர் என்பதை 2022-இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. இவையன்றித் தேவைப்படின் மறுமுறை சத்திர சிகிச்சையும் செய்யலாம். அது முதன்முறையினும் ஆபத்து மிக்கதாகலின், நன்கு ஆராய்ந்தே துணிதல் வேண்டும். இவ்வளவு வழிகள் திறந்திருக்க, வெட்கம் என்னும் ஒன்று வாயிலை அடைத்துக்கொண்டு நிற்பது எத்துணை அறியாமை!

மருத்துவ சாலைகளுக்கும் ஒரு விண்ணப்பம். மெலிந்த உருவத்தின் படத்தைப் பருத்த உருவத்தின் பக்கத்தில் வைத்து விளம்பரம் செய்வோர், ஐந்தாம் ஆண்டிலும் பத்தாம் ஆண்டிலும் நிகழக்கூடியதையும் சிகிச்சைக்கு முன்னரே உரைத்தல் கடமை. எடை ஓரளவு மீளும் என்பதை முன்னரே அறிந்தவர், அது மீளுங்கால் தம்மை நொந்துகொள்ளார், ஏமாற்றப்பட்டதாகவும் எண்ணார். பின்வரும் ஆண்டுகளின் பரிசோதனையையும் உணவு ஆலோசனையையும் சிகிச்சையின் கட்டணத்திலேயே சேர்த்துக்கொள்ளுதல் நன்று. வராதவரை நினைவூட்டி அழைத்தல் அதனினும் நன்று. வந்தவரிடம் முதற்கேள்வியாக "என்ன தின்றீர்?" என்று வினவாமல், "எவ்வாறு இருக்கின்றீர்?" என்று வினவுதல் எவ்வகைச் செலவுமின்றிச் செய்யத்தக்க மருத்துவம்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில், நோயுற்றவன், மருத்துவன், மருந்து ஆகிய மூன்றோடு, அருகிருந்து பணிபுரிபவனையும் மருத்துவத்தின் நான்காம் உறுப்பாக வள்ளுவர் வைத்திருக்கின்றார். அந்நான்காம் உறுப்பு யார்? தாயும், மனைவியும், கணவனும், நண்பரும், உடன் பணிபுரிவோருமாகிய நாமே. நாம் செய்வது யாது? திருமணப் பந்தியில் வேண்டாமென்று கைம்மறிப்பவர் இலையில் "என் பொருட்டு இன்னும் ஒன்று" என்று இனிப்பை இடுகின்றோம். அவர் எழுந்து சென்றபின், "பார்த்தீர்களா, மறுபடியும் ஊதிவிட்டார்" என்று பக்கத்திலிருப்பவரிடம் உரைக்கின்றோம். கொடுத்த கையும் பழித்த வாயும் ஒருவருடையனவே. பெண்மக்கள்பால் இப்பழி இன்னும் கூர்மையாகப் பாய்கின்றது. அவருடைய உடம்பைப்பற்றிக் கருத்துரைக்க உறவினர் ஒவ்வொருவரும் உரிமை பெற்றவராக நடக்கின்றனர். கல்லூரி விடுதிகளிலும் பருத்த மாணவனுக்கு வைக்கும் பட்டப்பெயர் அவன் பட்டம் பெற்றுச் சென்ற பின்னும் அவனைத் தொடர்ந்து செல்கின்றது. விளையாட்டு என்று நாம் நினைப்பது அவன் விளையாட்டுத் திடலுக்கே வாராதிருத்தற்குக் காரணமாதல் உண்டு.

பழியை நீக்கிவிட்டால் முயற்சியும் தளர்ந்துவிடாதோ என்று சிலர் வினவுவர். இவ்வினா தள்ளத்தக்கதன்று. ஆயினும் பழி வேறு, பொறுப்பு வேறு. மூக்குக்கண்ணாடி அணிவதை மறந்த மாணவனிடம், அதனை அணிந்து வா என்று சொல்லுதல் பொறுப்பை உணர்த்துதல். உன் கண் கெட்டது உன் குற்றம் என்று சொல்லுதல் பழித்தல். முன்னது அவனைப் படிக்கச் செய்யும்; பின்னது அவனைக் கடைசி வரிசையில் ஒளிந்துகொள்ளச் செய்யும். எடை மீண்டவர்க்குச் செய்ய வேண்டிய கடமைகள் உண்டு; அவற்றை மேலே கூறினேன். அவற்றைச் செய்வதற்கு அவர்க்கு நம்பிக்கை வேண்டும். இகழ்ச்சியால் நம்பிக்கை வளர்ந்ததாக எங்கும் கண்டிலோம்.

வருமுன் காப்பதன்றோ சிறந்தது, வந்தபின் அறுத்தும் மீண்டும் மருந்திட்டும் காப்பது எதற்கு என்று வேறு சிலர் கூறுவர். வருமுன் காத்தல் சிறந்தது என்பதில் எனக்கும் கருத்து வேற்றுமை இல்லை. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்கு உட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 40 பேரும், ஆண்களில் நூற்றுக்கு 37 பேரும் அளவுக்கு மிஞ்சிய எடையுடையர். 2022-இல் இத்துறையின் பன்னாட்டுச் சங்கங்கள் வெளியிட்ட நெறியோ, ஆசிய மக்களுக்கு உடற்பருமன் எண் 27.5 ஆன அளவிலேயே இச்சிகிச்சையைக் கருதலாம் என்கின்றது. 160 சென்டிமீட்டர் உயரமுடைய ஒருவர்க்கு அஃது ஏறத்தாழ 70 கிலோ எடை. ஆகவே இச்சிகிச்சை பெறுவோர் தொகை நம்மிடையே பெருகுதற்கே இடமுண்டு. அவருள் பலர்க்கு எடை ஓரளவு மீளும் என்பதும் உறுதி. வருமுன் காக்கத் தவறிய சமூகம், வந்தவரைக் கைவிடுதல் இரண்டாவது தவறாகும். வெள்ளத்தில் அகப்பட்டவனிடம் கரை கட்டும் முறையைப் போதித்தல் அறிவுடையார் செயலன்று.

ஆதலின், நண்பர்களே, இச்சிகிச்சை பெற்ற ஒருவர் நம் வகுப்பிலோ, ஆசிரியர் அறையிலோ, இல்லத்திலோ இருப்பாராயின், அவர் உடம்பை அளந்து பேசுதலை நாம் விட்டொழிப்போமாக. அவருடன் மாலையில் நடக்கத் துணை செல்வோமாக. அவர் வேண்டாமென்றால் வற்புறுத்தாதிருப்போமாக. மருத்துவ சாலைக்குச் செல்ல அவர் தயங்குங்கால், "யானும் உடன் வருவேன்" என்று சொல்வோமாக. எடை மீண்டவரே இதனைப் படிக்க நேர்ந்தால், அவர்க்கு யான் சொல்லத்தக்கது இதுவே: உமது உடம்பு உமக்குத் துரோகம் செய்யவில்லை, பஞ்சத்துக்கு அஞ்சி உம்மைக் காப்பதாக எண்ணித் தன் பழைய தொழிலைச் செய்கின்றது. அதனை நயந்து நெறிப்படுத்த வழிகள் பல உள. இந்த வாரமே உம் மருத்துவரிடம் செல்வீராக. எடை குறைந்தபின் செல்வோம் என்று காத்திராதீர்.